சிறுநீர் சுத்தமானதா?

ஒரு சோதனை, இரண்டு குழப்பங்கள்

சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. அடிக்கடி போகத் தோன்றுகிறது. போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. நம் வீடுகளில் இதற்கு நீர்க்கடுப்பு என்று பெயர். இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற நிலையில் மருத்துவரிடம் போனால், அவர் யூரின் கல்ச்சர் எடுத்துவரச் சொல்கிறார். இரண்டு நாள் கழித்து லேபில் கொடுக்கும் தாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று இருக்கிறது. கிருமி இல்லையாம், எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னொரு பெண்ணுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. முழு உடல் பரிசோதனை என்று போனவரிடம் இதே சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். அவருடைய தாளில் ஒரு பாக்டீரியாவின் பெயரும், பக்கத்தில் லட்சத்தைத் தாண்டிய ஓர் எண்ணும் இருக்கின்றன. கிருமி இருக்கிறதாம், நோய்தான் இல்லை. முதல் பெண் தன் வேதனையை யாரும் நம்பவில்லையோ என்று வருந்துகிறார். இரண்டாமவர் இல்லாத நோய்க்கு ஐந்து நாள் ஆண்டிபயாட்டிக் விழுங்குகிறார்.

இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றே. உடல்நலமுள்ள ஒருவரின் சிறுநீர்ப்பைக்குள் கிருமியே கிடையாது, அதனால் அங்கே ஒரு பாக்டீரியா தென்பட்டாலே அது நோய் என்று மருத்துவம் நூறாண்டுக்கு மேல் நம்பிவந்தது. மலம் அசுத்தம், சிறுநீர் சுத்தம் என்ற பாகுபாடு பாடநூல்களிலும் இருந்தது, தெருப்பேச்சிலும் இருந்தது. சிறுநீரை மருந்தாகக் குடிப்பதாக மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோதே வெளிப்படையாகச் சொன்னார். அவரைக் கேலி செய்தவர்கள்கூட, அதில் கிருமி இருக்குமே என்ற கேள்வியை அதிகம் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: ‘வளர்ச்சி இல்லை’ என்ற வாசகம் சோதனைத் தட்டில் நடந்ததைச் சொல்கிறது, சிறுநீர்ப்பையின் நிலையைச் சொல்வதில்லை. நலமாக இருக்கும் பெரும்பாலான பெண்களின் சிறுநீர்ப்பையில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆகவே, அங்கே கிருமி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நோயைத் தீர்மானிக்க முடியாது.

பாஸ்டரின் குடுவையும் பாஸ்டனின் எண்ணும்

சிறுநீர் கிருமியற்றது என்ற எண்ணம் வளர்ந்த கதையில் அதைப் பற்றிய நேரடி ஆராய்ச்சி வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 1860களில் பிரான்ஸில் உயிர் தானாகவே தோன்றுமா என்ற பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தோன்றாது என்று காட்ட லூயி பாஸ்டர் பல திரவங்களைக் கொதிக்கவைத்து, காற்றிலுள்ள தூசு உள்ளே விழாதபடி குடுவைகளில் வைத்தார். அவற்றில் சிறுநீரும் ஒன்று. எளிதாகக் கிடைப்பது, திறந்து வைத்தால் விரைவில் கெட்டுப்போவது என்பதால் அது அந்தச் சோதனைக்குப் பொருத்தமாக இருந்தது. கொதிக்கவைத்த சிறுநீர் கலங்காமல் தெளிவாகவே இருந்தது. அவர் நிறுவ விரும்பியதை அது நிறுவியது. ஆனால் கொதிக்கவைத்த திரவத்தில் ஏற்கனவே இருந்த உயிரெல்லாம் மடிந்திருக்கும். அது உடலுக்குள் எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் குடுவை சாட்சி சொல்ல முடியாது. கொதிக்கவைக்காமல் கவனமாகப் பிடித்து வைத்த சிறுநீர் தெளிவாகவே இருந்தாலும் அது முழுச் சாட்சியாகாது. ஒரு திரவம் நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய ஒரு கோடி பாக்டீரியாக்கள் வேண்டும். ஆயிரம் இருந்தாலும் அது பளிங்கு போலத்தான் தெரியும்.

அடுத்த பெரிய திருப்பம் 1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வந்தது. எட்வர்ட் காஸ் என்ற மருத்துவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். சிறுநீரக அழற்சி உள்ளவர்களை அடையாளம் காணச் சிறுநீர் வேண்டும். கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செருகி எடுத்தால் அந்தக் குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடலாம். நோயாளியே பிடித்துக் கொடுத்தால் வழியிலுள்ள தோலின் கிருமிகள் கலந்துவிடும். எண்ணிக்கையைக் கொண்டு இந்த முடிச்சை அவர் அவிழ்த்தார். உண்மையான சிறுநீரகத் தொற்று உள்ளவர்களிடம் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000க்கு மேல் பாக்டீரியாக்கள் இருந்தன. வழியில் கலந்தவை பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருந்தன. அந்த எண் அன்றைய தேவைக்கு அருமையான கருவி. சிக்கல், அது பயணம் செய்த விதத்தில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் தொற்று என்று நம்பலாம் என்பதுதான் காஸின் கண்டுபிடிப்பு. அதற்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை என்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வாசித்தார்கள். 1982இல் வால்டர் ஸ்டாம் தலைமையிலான குழு, எரிச்சலோடு வரும் பெண்களிடம் ஒரு மில்லிலிட்டருக்கு வெறும் 100 குடல் பாக்டீரியா இருந்தாலே அது உண்மையான தொற்றாக இருக்கக்கூடும் என்று காட்டியது. ஆனாலும் பல லேப்களில் பழைய எல்லைக்கோடு அழியவில்லை.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் ரோசலிண்ட் மாஸ்கெல் என்ற நுண்ணுயிரியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ‘வளர்ச்சி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் சிறுநீரைக் கரியமில வாயு கலந்த காற்றில், அதிக நேரம் வைத்து வளர்த்துப் பார்த்தார். மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் தலைகாட்டின. 1979இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார். அவற்றை அவர் குற்றவாளிகளாகவே கருதினார். நலமுள்ளவர்களிடமும் அவை இருக்கலாமே என்ற எதிர்ப்புக் கிளம்பியது. இன்று பார்க்கும்போது இரு தரப்பிலும் பாதி உண்மை இருந்தது. ஆனால் அந்த எதிர்ப்பைச் சொன்னவர்கள், அப்படியானால் நலமுள்ளவர்களின் சிறுநீர்ப்பையும் கிருமியற்றது அல்லவே என்ற அடுத்த வரிக்குப் போகவில்லை.

ஒரு சோறு பதம் தவறும் இடம்

சோதனைக் கூடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். வழக்கமான யூரின் கல்ச்சரில், நுனியில் சிறு வளையம் கொண்ட ஒரு கம்பியைச் சிறுநீரில் தோய்க்கிறார்கள். அந்த வளையம் அள்ளுவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் தேய்த்து, உடல் வெப்பத்தையொட்டிய சூட்டில், சாதாரணக் காற்றில், 24 மணி நேரம் வைக்கிறார்கள். விழுந்த ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு கூட்டமாக, வளர வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தால் மில்லிலிட்டருக்கு 1,000 என்று கணக்கு. அதைவிடக் குறைவான எண்ணிக்கையை இந்த முறையால் நம்பகமாகச் சொல்லவே முடியாது.

இப்போது ஒரு பெண்ணின் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 400 லாக்டோபேசிலஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தயிரைத் தயிராக்கும் பாக்டீரியாக்களின் உறவினர்கள் இவை. சிறுநீர்ப்பையில் 300 மில்லிலிட்டர் இருந்தால் அதற்குள் மொத்தம் 1,20,000 பாக்டீரியாக்கள். வளையக் கம்பி அள்ளும் துளியில் சராசரியாக எத்தனை இருக்கும்? 400ஐ 1,000ஆல் வகுத்தால் 0.4. அரைப் பாக்டீரியா என்று ஒன்று கிடையாது என்பதால், இதற்குப் பொருள், மூன்று முறை தோய்த்தால் ஏறக்குறைய இரண்டு முறை துளியில் ஒரு பாக்டீரியாகூட ஏறாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும்போது சரி. பானையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பருக்கைகள் என்றால், ஒரு கரண்டி வெறுந்தண்ணீரைப் பார்த்து இதில் அரிசியே போடவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது முறை ஒன்று ஏறிவிட்டது என்றே கொள்வோம். அது வளர வேண்டுமே! நல்ல சூழலில் ஈ.கோலை எனும் குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டித்து ஒரு கோடியே அறுபது லட்சத்தைத் தாண்டிவிடும். காலையில் வந்து பார்ப்பவர் கண்ணில் புள்ளி பளிச்சென்று படும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு சோம்பேறி பாக்டீரியா அதே தட்டில் 24 மணி நேரத்தில் 16 முறைதான் இரட்டிக்கும்: 65,536. கண்ணுக்குத் தெரியும் கூட்டத்துக்குப் பொதுவாக லட்சக்கணக்கில் தேவை. இன்னொரு நாள் பொறுத்திருந்தால் அது தெரிந்திருக்கும், ஆனால் அதற்குள் தட்டு குப்பைக்குப் போயிருக்கும். கரியமில வாயு கூடுதலாக வேண்டும் என்பவையும், ஆக்சிஜன் பட்டாலே ஒடுங்கிவிடுபவையும் சாதாரணக் காற்றில் இன்னும் பின்தங்கும். இத்தனையும் தாண்டி ஒரே ஒரு புள்ளி வளர்ந்தாலும், மில்லிலிட்டருக்கு ஆயிரம்தானே, பொருட்படுத்த வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆக, இந்தச் சோதனை ஈ.கோலையைப் பிடிப்பதற்கென்றே வடிவமைந்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. வேறு எவற்றையும் தேடாத ஒரு சோதனை, வேறு எவையும் இல்லை என்று சான்றளிப்பதாக நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

சிகாகோவில் மாறிய மூன்று விஷயங்கள்

2007இல் அமெரிக்காவில் மனித உடலின் நுண்ணுயிர்களை வரைபடமாக்கும் பெருந்திட்டம் தொடங்கியபோது வாய், மூக்கு, தோல், குடல், பெண்ணின் பிறப்புறுப்பு ஆகியவை பட்டியலில் இடம்பெற்றன. சிறுநீர்ப்பை இல்லை. இல்லாததை எதற்குத் தேடுவது? அதைத் தேடியவர்கள் சிகாகோவை ஒட்டிய லயோலா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் ஆலன் வுல்ஃப், பெண்களின் சிறுநீர்க் கோளாறுகளைக் கவனிக்கும் மருத்துவர் லிண்டா புரூபேக்கர் ஆகியோரின் குழுவினர். முதலில் அவர்கள் பாக்டீரியாவை வளர்க்கவே முயலவில்லை. எல்லா பாக்டீரியாவிலும் இருந்து, இனத்துக்கு இனம் சற்று மாறுபடும் ஒரு மரபணுவைச் சிறுநீரில் தேடினார்கள். ‘வளர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்த சிறுநீரிலும் அது இருந்தது. 2012இல் அதை வெளியிட்டார்கள்.

மரபணு இருந்தால் உயிர் இருக்கிறது என்று ஆகாது. செத்த பாக்டீரியாவின் மிச்சமாக இருக்கலாம். இந்த நியாயமான ஐயத்துக்கு விடைதான் 2014இல் ஈவன் ஹில்ட்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் புதிய கருவி எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மேலே பார்த்த கணக்கில் மூன்றை மாற்றினார்கள். ஒரு வளையத் துளிக்குப் பதில் அதைப்போல் நூறு மடங்கு சிறுநீர். ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள். ஒரே வகைக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு கூடியது, ஆக்சிஜன் அற்றது எனப் பலவகைச் சூழல்கள், பலவகை ஊட்டக்கூழ்கள். நாம் கற்பனை செய்த பெண்ணின் 400 பாக்டீரியா இந்தத் தட்டில் சராசரியாக 40 புள்ளிகளாக விழும். அவற்றைத் தவறவிடுவது கடினம். 65 பெண்களிடம் கதீட்டர் வழியாகச் சிறுநீர் எடுத்தார்கள். 41 பேருக்கு அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் முட்டும் தொல்லை இருந்தது. 24 பேருக்கு அது இல்லை. 65இல் 52 மாதிரிகளில் பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52இல் 48ஐ வழக்கமான சோதனை ‘வளர்ச்சி இல்லை’ என்று சொல்லியிருந்தது. மொத்தம் 85 இனங்கள். லாக்டோபேசிலஸ் முதலிடத்தில். கோரினிபாக்டீரியம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை அடுத்து. வளர்ந்தவை செத்தவையாக இருக்க முடியாது. இந்தக் கூட்டத்தைச் சிறுநீர்ப்பை உயிர்க்குழு என்று இந்நூலில் அழைப்போம்.

நஞ்சுக்கொடி கற்றுத்தந்த எச்சரிக்கை

இங்கே ஒரு கறாரான வாசகர் குறுக்கிடலாம், குறுக்கிடவும் வேண்டும். இதேபோன்ற முழக்கத்தோடு வந்த இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியிலும் பாக்டீரியாக் குழு வாழ்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகமே பேசியது. 2019இல் 500க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்த குழு, அந்த மரபணுத் தடயங்களில் பெரும்பாலானவை சோதனைக்குப் பயன்படுத்திய வேதிப்பொருள்களிலிருந்தும் பிரசவத்தின்போதும் ஒட்டியவை என்று காட்டியது. பாக்டீரியா மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் தேடும்போது, தேடுபவரின் கையிலுள்ள அழுக்கே கண்டுபிடிப்பாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. சிறுநீர்ப்பையும் அப்படிப்பட்ட இடந்தான். குடலில் ஒரு கிராமுக்குப் பல ஆயிரம் கோடி. இங்கே ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு, சில ஆயிரம். சிறுநீர்ப்பைக் கதையும் நஞ்சுக்கொடிக் கதையாக முடிந்துவிடாது என்பதற்கு என்ன உறுதி?

மூன்று காரணங்கள் சொல்லலாம். வேதிப்பொருளின் மாசு என்ற ஐயம் மரபணுச் சோதனைக்குத்தான் வலுவாகப் பொருந்தும். உயிரோடு வளர்த்துக் காட்டியபின் அது பெரிதும் வலுவிழக்கிறது. அடுத்தது, மாதிரி எடுத்த வழி. பெண்ணின் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். அதன் வாய் பிறப்புறுப்பை ஒட்டியிருக்கிறது. தானாகக் கழிக்கும் சிறுநீரில் அக்கம்பக்கத்து பாக்டீரியாக்கள் கலந்தே வரும். லயோலா குழுவினர் 2012இல் மூன்று வழிகளில் எடுத்து ஒப்பிட்டார்கள்: கழித்த சிறுநீர், கதீட்டர், அடிவயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தி நேரே சிறுநீர்ப்பையிலிருந்து உறிஞ்சியது. ஊசியில் மாசு கலந்தால் அது அடிவயிற்றுத் தோலின் மாசாக இருக்க வேண்டும். கதீட்டரில் கலந்தால் வெளிக்குழாயின் மாசாக இருக்க வேண்டும். வெவ்வேறு வழியில் போன இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. கழித்த சிறுநீர் மட்டும் விலகி நின்றது. இரண்டு வழிகளும் தனித்தனியாகத் தவறி ஒரே பொய்யில் போய்ச் சந்தித்தன என்று நம்புவதைவிட, இரண்டும் ஒரே உண்மையைக் கண்டன என்று நம்புவது எளிது. மூன்றாவது காரணம், இந்த பாக்டீரியாக்கள் உடலின் நிலையோடு சேர்ந்து மாறுகின்றன. 2014இல் வெளியான இன்னொரு லயோலா ஆய்வில், அவசரமாக முட்டிக் கசியும் தொல்லையுள்ள பெண்களிடம் லாக்டோபேசிலஸ் குறைந்தும் கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியா கூடியும் இருந்தன. பாட்டிலிலிருந்து வந்த அழுக்குக்கு, மாதிரி யாருடையது என்று தெரியாது.

அக்கம்பக்கமும் ஹார்மோனும்

இவை எங்கிருந்து வந்தன? 2018இல் 77 பெண்களின் சிறுநீர்ப்பையிலிருந்து வளர்த்த 149 பாக்டீரியாக்களின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விடை தந்தது. அவை குடலின் கூட்டத்தைவிடப் பெண்ணின் பிறப்புறுப்பில் வாழும் கூட்டத்தையே பெரிதும் ஒத்திருந்தன. ஒரே பெண்ணின் இரண்டு இடங்களிலும் கிடைத்த சில பாக்டீரியாக்கள், ஒரே பரம்பரை என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமாக இருந்தன. நல்லவையும் கெட்டவையும் இந்த இரு இடங்களுக்கிடையே போய்வருகின்றன என்று கொள்வதே பொருத்தம்.

பிறப்புறுப்பைப் பற்றி நமக்கு நெடுநாளாகத் தெரியும் ஒன்று இங்கே துணைக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் நன்றாகச் சுரக்கும் வயதில் அங்குள்ள திசுவில் கிளைக்கோஜன் எனும் மாவுப்பொருள் சேர்கிறது. அதிலிருந்து கிடைப்பதை லாக்டோபேசிலஸ் உண்டு லாக்டிக் அமிலமாக்குகிறது. அந்தப் புளிப்பில் ஈ.கோலை போன்றவை தழைப்பது கடினம். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைகிறது, லாக்டோபேசிலஸ் குறைகிறது, புளிப்பு குறைகிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. இது தற்செயலான பொருத்தமா, காரணமா? 1993இல் ராஸ், ஸ்டாம் இருவரும் மாதவிடாய் நின்று, அடிக்கடி தொற்றால் அவதிப்பட்ட 93 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பு, மற்றவர்களுக்கு வெறும் களிம்பு. வெறும் களிம்பு பூசியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. மருந்துக் களிம்பு பூசியவர்களுக்கு 0.5 முறை. ஒரு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் லாக்டோபேசிலஸ் மீண்டும் குடியேறியிருந்தது. மற்ற பிரிவில் ஒருவருக்கும் இல்லை. ஒரு பாக்டீரியாவைக்கூடக் கொல்லாமல் தொற்றைக் குறைத்த சிகிச்சை இது. நம் ஊரில் ஐம்பதைக் கடந்து ‘அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன்’ என்று அலையும் பெண்களுக்கு இதைப் பற்றி யாராவது சொல்கிறார்களா என்பது வேறு கேள்வி. இந்த வயதில் அந்த இடத்தைப் பற்றி என்ன பேச்சு என்ற கூச்சம் இருபுறமும் இருக்கிறது.

இருப்பதாலேயே நோயா?

இதுவரை சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டு, குறைந்த எண்ணிக்கையில் சாதுவானவை இருந்துவிட்டுப் போகட்டும், லட்சத்தைத் தாண்டி ஈ.கோலை இருந்தால் கொல்லத்தானே வேண்டும் என்று கேட்கலாம். இரண்டாம் பெண்ணின் தாள் இங்கே மீண்டும் மேசைக்கு வருகிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், முன்பு பலமுறை தொற்று வந்து, இப்போது தொல்லை ஏதுமின்றிச் சிறுநீரில் நிறைய பாக்டீரியா மட்டும் உள்ள 673 இளம்பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டிபயாட்டிக், மற்றதற்கு ஒன்றுமில்லை. 2012இல் வந்த முடிவின்படி, ஓராண்டுக்குள் மருந்து பெற்றவர்களில் 73.1 சதவீதத்தினருக்கு மீண்டும் நோய். மருந்து பெறாதவர்களில் 14.7 சதவீதம். இந்த ஆய்வில் ஒரு பலவீனம் உண்டு: மருந்தில்லாத பிரிவுக்குப் போலி மாத்திரை தரப்படவில்லை, அதனால் யார் எந்தப் பிரிவு என்பது மறைக்கப்படவில்லை. ஆனால் இத்தனை பெரிய இடைவெளியை அது மட்டுமே உண்டாக்கியிருக்கும் என்று சொல்வது கடினம். தொல்லை தராத ஒன்றை விரட்டியபோது அந்த இடத்துக்குத் தொல்லை தரும் ஒன்று வந்து சேர்ந்தது என்பதே நெருங்கிய விளக்கம்.

இதை நேரடியாகவே சோதித்தவர்கள் சுவீடன் நாட்டவர். அங்கே ஒரு சிறுமி மூன்றாண்டுகள் எந்த நோயும் இல்லாமல் சிறுநீர்ப்பையில் ஒரு ஈ.கோலை வகையைச் சுமந்திருந்தாள். அந்த வகைக்கு 83972 என்று எண் இட்டார்கள். அதன் மரபணுக்களைப் பார்த்தபோது, சிறுநீர்ப்பைச் சுவரைக் கவ்விப் பிடிக்கும் மயிரிழைகளைச் செய்யும் குறிப்புகள் சிதைந்து கிடந்தன. நோயுண்டாக்கும் மூதாதையிலிருந்து வந்து, அதன் ஆயுதங்களைத் தொலைத்துவிட்டுச் சிறுநீரில் வளரும் திறனை மட்டும் வைத்துக்கொண்ட வகை அது. லுண்ட் நகரத்து மருத்துவர்கள், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாததால் அடிக்கடி தொற்று வந்த 20 பேரின் சிறுநீர்ப்பைக்குள் இந்த பாக்டீரியாவை வேண்டுமென்றே செலுத்தினார்கள். அது குடியிருந்த காலத்தில் மொத்தம் 13 முறை தொற்று. இல்லாத காலத்தில் 35 முறை. ஒரே இனப்பெயர் கொண்ட ஈ.கோலை ஒரு வீட்டில் நோய், இன்னொரு வீட்டில் காவல். லேப் தாளில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம்.

தொல்லை இல்லாதவர்களிடம் சிறுநீரில் பாக்டீரியாவைத் தேடிப்போக வேண்டாம், கண்டாலும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதன் பின்னணி இதுதான். முக்கியமான விலக்குகள் உண்டு. கர்ப்பிணிகள் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளவே வேண்டும்; அவர்களுக்குத் தொல்லையில்லாத பாக்டீரியாவும் சிறுநீரகத் தொற்றாக முற்றும் வாய்ப்புக் கூடுதல். சிறுநீர்ப்பாதையில் காயம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் அப்படியே. காய்ச்சல், குளிர், முதுகுப் பக்க வலி உள்ளவர் இந்த அத்தியாயத்தைக் காட்டி மருந்து வேண்டாம் என்று வாதாடக் கூடாது.

கூர்மையான கருவியின் தீங்கு

அப்படியானால் எரிச்சல் இருந்தும் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்த முதல் பெண்ணுக்கு விரிவான சோதனையைச் செய்துவிடலாமா? சில சமயம் பலனுண்டு. 2016இல் லயோலா குழு 150 பெண்களிடம் ஒப்பிட்டபோது, கடுமையான தொல்லையுள்ளவர்களிடம்கூட நோய்க்கிருமிகளில் பாதியை வழக்கமான சோதனை தவறவிட்டிருந்தது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான நலமுள்ள பெண்களிடமே பாக்டீரியா உண்டு என்றால், நுணுக்கமான சோதனை பெரும்பாலானோரிடம் எதையாவது கண்டுபிடித்துவிடும். இப்போது சிறுநீரில் மரபணுவைத் தேடி ஒரே நாளில் பத்துப் பதினைந்து பெயர்களை அச்சிட்டுத் தரும் வணிகச் சோதனைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பெயரையும் நோயென்று வாசித்து மருந்தெழுதினால், பழைய சோதனையின் குருட்டுத்தனம் செய்த தீங்கைவிடப் புதிய சோதனையின் கூர்மை செய்யும் தீங்கு பெரிதாகிவிடும். கருவி முன்னேறி, அதை வாசிக்கும் எண்ணம் 1950களிலேயே நின்றுவிட்டால் அப்படித்தான் ஆகும்.

வசிப்பவையா, வந்துபோகிறவையா?

கடைசியாக ஓர் எதிர்ப்பு மீதமிருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. சிறுநீர்ப்பை ஒரு நாளில் ஆறேழு முறை நிறைந்து காலியாகிறது. நாலு சென்டிமீட்டர் தொலைவில் பாக்டீரியா நிறைந்த இன்னோர் இடம். அங்கிருந்து சில ஏறிவர, சிறுநீர் அவற்றைக் கழுவிவிட, மறுபடி சில ஏறிவர, எப்போது குழாயைச் செருகினாலும் சில கிடைக்கத்தானே செய்யும்? அதை ஒரு குழு வாழ்கிறது என்று எப்படிச் சொல்வது? நாள்தோறும் மாதிரி கொடுத்த சில பெண்களிடம் நடந்த ஆய்வில், மாதவிடாயின்போதும் உடலுறவுக்குப் பின்னும் பாக்டீரியாக்களின் கலவை மாறியது தெரிந்தது. இது வந்துபோகிறவை நிறைய உண்டு என்பதற்கு ஆதரவு. வந்துபோகிறவை என்றாலே பொருட்படுத்தத் தேவையில்லை என்றும் ஆகாது. எலிகளில் செய்த சோதனை ஒன்றில், கார்ட்னெரெல்லா சிறுநீர்ப்பையில் சில மணி நேரமே தங்கியது. ஆனால் அந்தச் சிறு வருகையே, பழைய தொற்றிலிருந்து சுவரின் உயிரணுக்களுக்குள் பதுங்கிக் கிடந்த ஈ.கோலையைக் கிளப்பி வெளியே கொண்டுவந்தது.

இதைத் தீர்க்க வேண்டுமானால், நோயில்லாத ஒரே பெண்ணிடம் பல மாதங்கள், அடிக்கடி, நேரே சிறுநீர்ப்பையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு ஊசியோ கதீட்டரோ வேண்டும். காஸ் எழுபது ஆண்டுகளுக்கு முன் தவிர்க்க நினைத்த அதே ஆபத்து, குழாயே கிருமியை உள்ளே தள்ளிவிடும் என்பது, இங்கேயும் நிற்கிறது. நலமாக இருப்பவருக்கு அதை வாரந்தோறும் செய்ய எந்த அறநெறிக் குழுவும் லேசில் அனுமதி தராது. செய்தாலும், ஆறாவது வாரத்தில் கிடைத்தவை அவளுடையவையா, ஐந்தாவது வாரத்துக் குழாய் விட்டுச்சென்றவையா என்று பிரிப்பது கடினம். அதனால் இந்தக் கேள்வியை ஆராய்பவர்கள், சிறுநீரின் முதல் பகுதியைத் தானாக ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் பிடிக்கும் புனல் போன்ற கருவிகளைக் கொண்டு, வீட்டிலேயே எடுக்கும் மாதிரியிலிருந்து அக்கம்பக்கத்துக் கலப்பை எந்த அளவுக்கு விலக்க முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.